அரை அங்குலத்தின் விலை

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என்று அழைக்கப்படும் வாகனம், படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனை ஓரளவு ஒத்திருந்தாலும் அதன் நோக்கம் வேறு. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் ஒரே கூண்டுக்குள் அடக்கி, ஒரு குடும்பம் வாரக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி வருவதற்கென்றே அது கட்டப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட இத்தகைய வாகனங்கள் பல இன்றும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எஞ்சினுக்கு உதிரிபாகம் தேடுவதே பெரும்பாடாக இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணக்கூடும்; ஆனால் அந்த எஞ்சின்கள் அக்காலத்துக் கார்களிலும் லாரிகளிலும் பெருமளவில் பொருத்தப்பட்டவை என்பதால், அவற்றின் பாகங்கள் பெரும்பாலும் எங்கேனும் கிடைத்துவிடுகின்றன. உரிமையாளரைத் திணற வைப்பது கடையில் மிகச் சாதாரணப் பொருளாகத் தோன்றும் டயர்தான்.

இதை விளங்கிக்கொள்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் தயாரித்து, 1973 முதல் 1978 வரையிலான மாடல்களாக விற்ற ஜிஎம்சி மோட்டார் ஹோம். 23 அடி, 26 அடி என்னும் இரு நீளங்களில் ஏறத்தாழ 13,000 வண்டிகள் வெளிவந்தன. ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரின் எஞ்சினையும் முன்சக்கரங்களை இயக்கும் அமைப்பையும் அப்படியே எடுத்து இவ்வண்டியில் பொருத்தியதால், பின்பக்கம் செல்லும் இயக்கத் தண்டு தேவைப்படவில்லை. அதனால் வண்டியின் தரைத்தளம் மிகத் தாழ்வாக அமைந்தது. பின்புறத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, அவற்றுக்கிடையே உள்ள காற்றுப் பை எடையைத் தாங்குகிறது. நம் ஊர் லாரிகளின் பின்சக்கரங்கள் பக்கத்தில் பக்கமாக ஜோடி சேர்ந்திருப்பதைப் போன்றதன்று இந்த அமைப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் டயரின் சுமைக் கணக்கு இதைப் பொறுத்தே மாறும்.

இவ்வண்டிக்குத் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட டயரின் அளவு 8.75-16.5. முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாம் எண் டயர் உட்காரும் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. சிக்கல் முழுவதும் அந்த இரண்டாம் எண்ணின் கடைசியில் ஒட்டியிருக்கும் அரை அங்குலத்தில் அடங்கியிருக்கிறது. ட்யூப் வைத்த லாரிச் சக்கரங்களில் ரிம் பல துண்டுகளாக இருக்கும், தமிழ்நாட்டில் 10.00-20 டயர் ஓட்டிய ஓட்டுநர்கள் அனைவரும் லாக் ரிங் என்னும் வளையத்தையும், அது தெறித்தால் என்ன ஆகும் என்பதையும் அறிவார்கள். ட்யூப்லெஸ் டயர் கனரக வண்டிகளுக்கு வந்தபோது, ஒரே துண்டாலான, டயரின் உள்விளிம்பு உட்காரும் இடம் 15 பாகை சரிவுள்ள புதிய ரிம் உருவாக்கப்பட்டு, அதன் விட்டம் அரையில் முடியும்படி 16.5, 17.5, 19.5, 22.5 என்று அளவுகள் வகுக்கப்பட்டன. இவற்றுள் 22.5 உலகெங்கும் நிலைத்துவிட்டது. சென்னையிலிருந்து கிளம்பும் பெரிய ஆம்னி பேருந்துகளும் அந்த அளவில்தான் ஓடுகின்றன. இலகு லாரிகளுக்கான 16.5 மட்டும் வாழவில்லை. 1980களில் அமெரிக்க லாரித் தயாரிப்பாளர்கள் 5 பாகை சரிவுள்ள சாதாரண 16 அங்குல ரிம்முக்கு மாறியபின், 16.5க்கு டயர் வார்க்கும் அச்சுகளை வைத்திருக்க டயர் நிறுவனங்களுக்குக் காரணம் குறைந்துகொண்டே வந்தது.

தேடுபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது விலையைப் பற்றி அன்று, உயிரைப் பற்றி. 16 அங்குல டயரை 16.5 அங்குல ரிம்மில் ஏற்றிவிட முடியும். சற்று முயன்றால் அது உள்ளே போய்விடும், பார்ப்பதற்குச் சரியாகவும் தோன்றும். ஆனால் காற்று ஏற்றும்போது டயரின் உள்விளிம்பு ரிம்மின் ஓரத்தில் போய் உட்காராமல் ஏதேனும் ஒரு பக்கத்தில் தொங்கி நிற்கும். பிடிவாதம் பிடிக்கும் டயர் என்று எண்ணி மெக்கானிக் இன்னும் கொஞ்சம் காற்றை ஏற்றுவார். அந்த நிலையில் உள்விளிம்புக்குள் பொதிந்திருக்கும் எஃகுக் கம்பி வளையம் அறுந்து, டயர் அவர் முகத்துக்கு நேராக வெடிக்கும். இத்தகைய ஒரு விபத்தில் படுகாயமுற்ற மெக்கானிக்கின் வழக்கு டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த டயரில் இந்த ஆபத்தைக் குறித்த எச்சரிக்கைச் சீட்டு படத்துடன் ஒட்டப்பட்டிருந்தது உண்மையே. எனினும், பாதுகாப்பான மாற்று வடிவமைப்பு இருந்த நிலையில் எச்சரிக்கை மட்டும் தயாரிப்பாளரின் பொறுப்பை நீக்கிவிடாது என்று 1998இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை அங்குலம் என்பது அளவுகோலில் சிறியது. பட்டறையில் அது ஒரு மனிதனின் கைகளையும் கண்களையும் பறிக்கப் போதுமானது.

எண் பொருந்தினால் போதும் என்று நம்பி ஏமாறும் வாய்ப்பும் உண்டு. 10-16.5 என்னும் அளவில் புதிய டயர்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவை கட்டுமானத் தளங்களில் மண் அள்ளும் சிறிய லோடர் இயந்திரங்களுக்கானவை. மெதுவாக ஊர்ந்து செல்வதற்கென்று செய்யப்பட்ட அவற்றை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு மாட்டக் கூடாது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டிக்கும் 16.5 அங்குல ரிம் உண்டு என்றாலும், அதன் டயர் 36, 37 அங்குல உயரம் கொண்டது. தாழ்ந்த ஜிஎம்சி வண்டியின் சக்கரக் குழிக்குள் அது நுழையவே நுழையாது. இழுத்துச் செல்லும் டிரெய்லர்களுக்கென்று எஸ்டி என்னும் எழுத்துகளோடு வரும் டயரும், ஆட்கள் ஏறிச் செல்லும் வண்டிக்கு உரியதன்று.

ஆகவே 16.5 ரிம்மை வைத்துக்கொண்டு டயர் தேடுபவருக்கு, எங்கோ ஒரு கிடங்கில் நீண்ட நாள் கிடந்த சரக்கோ, குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும் அபூர்வ டயரோதான் அகப்படுகிறது. டென்னசி மாநிலத்தில் 1958இல் தொடங்கப்பட்ட கோக்கர் டயர் போன்ற நிறுவனங்கள் பழங்காலக் கார்களுக்கான டயர்களை மீண்டும் வார்த்து விற்கின்றன என்றாலும், சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் எந்தப் பொருளின் விலையிலும் அச்சுக்கான செலவு ஏறி நிற்கும் என்பதால் அவ்வழி மலிவானதன்று. கண்காட்சியில் நிறுத்தி வைக்கும் காருக்கு அந்தச் செலவு தகும். ஐந்தாறு டன் எடையுடன் வெயிலில் பாலைவனச் சாலையைக் கடக்கும் வண்டிக்கு, இன்றைய உலகம் நாள்தோறும் வார்த்துக்கொண்டிருக்கும் டயர்தான் தேவை.

கிடங்குச் சரக்கின் ஆபத்து, டயர் எப்படிச் சாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் விளங்கும். தினமும் ஓடும் லாரியின் டயர் தேய்ந்து சாகிறது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடி மற்ற நாட்களில் வெயிலில் நிற்கும் மோட்டார் ஹோமின் டயரோ, சாலையைத் தொடும் பட்டன் புத்தம் புதிதாகத் தெரியும்போதே உள்ளுக்குள் மூப்படைந்து சாகிறது. காற்றிலுள்ள ஓசோனும் சூரியனின் புற ஊதாக் கதிரும் ரப்பரை வெடிக்கச் செய்யாமல் காப்பதற்காக அதன் கலவையிலேயே மெழுகு போன்ற பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காவலாகப் படிகின்றன. அசையாமல் நிற்கும் டயருக்கு அந்தக் காவல் முழுமையாகக் கிடைப்பதில்லை. பின்னர் ஒரு நாள் முழுச் சுமையோடு அதிவேகத்தில் ஓடும்போது, எஃகுப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலான பிணைப்பு விட்டு, பட்டன் பகுதி முழுவதும் தோலுரிந்தாற்போல் கழன்று, கண்ணாடியிழையாலான வண்டியின் அடிப்பக்கத்தைச் சாட்டையால் அடிப்பது போல் அடித்து நொறுக்கும்.

டயரின் வயதை அதன் பக்கச்சுவரிலேயே படித்தறியலாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையைக் குறிக்கும் டி.ஓ.டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தொடர்ந்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், டயர் வார்க்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது. இறுதியில் மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது என்பதால், மேற்கொண்டு எதையும் ஆராயாமல் கழித்துவிடலாம். முழுக் குறியீடும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தால் போதும் என்று விதி அனுமதிப்பதால், பல நேரங்களில் அது உட்புறம் நோக்கித் திரும்பியிருக்கும். பழைய மோட்டார் ஹோம் வாங்க வருபவர் கையில் டார்ச் விளக்குடன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சேறு படிந்த சுவரைத் துணியால் துடைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், எப்படித் தோன்றினாலும் பத்தாம் ஆண்டில் மாற்றிவிட வேண்டும் என்பது மிஷலின் நிறுவனத்தின் அறிவுரை. வாகனத் தயாரிப்பாளர்கள் சிலர் ஆறு ஆண்டுகளையே எல்லையாகச் சொல்கிறார்கள்.

விலையைக் கணக்கிடும் முறையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எளிமைக்காக, புதிய டயர் ஒன்று 200 டாலர் என்றும் அதை ஏழு ஆண்டுகள் ஓட்டலாம் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 29 டாலர் ஆகிறது. நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்த டயரை ஒருவர் 120 டாலருக்குத் தந்தால், மிஞ்சியிருப்பது மூன்று ஆண்டுகளே என்பதால், ஆண்டுக்கு 40 டாலர் ஆகிறது. மலிவாகத் தோன்றியதுதான் இங்கே விலை கூடியது. மோட்டார் ஹோமுக்கு மைல் கணக்கில் டயர் விலையை அளப்பது தவறு. ஆண்டுக் கணக்கே சரியான அளவுகோல்.

ஜிஎம்சி உரிமையாளர்கள் பலர் காலப்போக்கில் கண்டடைந்த வழி, டயரை விட்டுவிட்டு ரிம்மை மாற்றுவது. ஆறு சக்கரங்களையும் ஸ்டெப்னியையும் 16 அங்குல ரிம்களாக மாற்றிவிட்டால், எல்டி 225/75ஆர்16 என்னும் இலகு லாரி டயர் பொருந்துகிறது. அதன் உயரம் 29 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது பழைய டயருக்கு மிக நெருக்கமானது என்பதால் வேகமானியும் பெரிதாகப் பிசகுவதில்லை. இந்தக் குறியீட்டில் 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது நூலிழைகள் குறுக்காக ஓடும் ரேடியல் அமைப்பு. ரிம் வாங்கும்போது எட்டு போல்ட் துளைகள் ஒத்துப்போனால் மட்டும் போதாது. நடுத்துளையின் அளவும், சக்கரம் உட்புறமாக எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதும் பொருந்த வேண்டும், தவறினால் டயர் வண்டியின் உடலிலோ பிரேக் பாகத்திலோ உரசும். ஏழு ரிம்களின் செலவு முதலில் கனமாகத்தான் தெரியும். ஆனால் அது ஒருமுறைச் செலவு. அதன்பின் எந்தச் சிற்றூரின் டயர் கடையிலும் டயர் வாங்கலாம், நடுவழியில் ஒன்று வெடித்தாலும் அன்று மாலைக்குள் பயணம் தொடரலாம். பழைமை மாறாமல் வைத்திருக்க விரும்புவோர் மூல ரிம்களை எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஓடும் வண்டியை அவற்றின்மேல் ஓட்டுவது நியாயமில்லை.

ஒரே அளவிலான டயருக்குள்ளும் சுமை வகை வேறுபடும். எல்டி 225/75ஆர்16 டயர் சி வகையில் 50 பவுண்டு காற்றழுத்தத்தில் 1,940 பவுண்டு எடையும், டி வகையில் 65 பவுண்டு அழுத்தத்தில் 2,335 பவுண்டும், ஈ வகையில் 80 பவுண்டு அழுத்தத்தில் 2,680 பவுண்டும் தாங்கும். எடையைத் தாங்குவது ரப்பரைவிடக் காற்றே என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. ஜோடிச் சக்கரங்களுக்கு இதைவிடக் குறைந்த எண் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஜிஎம்சியின் பின்சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் அவற்றுக்கு ஒற்றைச் சக்கர எண்ணே பொருந்தும். அரையில் முடியும் ரிம் அளவுகளின் அதே தொடரில், 8ஆர்19.5 அளவில் ஓடிய வேறு பழைய மோட்டார் ஹோம்களுக்கு 225/70ஆர்19.5 மாற்றாக அமைகிறது. அங்கே ரிம்மை மாற்றத் தேவையில்லை, ஆனால் ஜோடிச் சக்கரங்களுக்கு இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் டயர் விலையோடு பில் முடிவதில்லை. 3,500 பவுண்டுக்கு மேல் சுமை தாங்கும் டயர்களுக்கு, மிகையாகும் ஒவ்வொரு 10 பவுண்டுக்கும் 9.45 சென்ட் என்று அமெரிக்க மத்திய அரசு கலால் வரி விதிக்கிறது. 5,000 பவுண்டு தாங்கும் பெரிய ரேடியல் டயர் ஒன்றுக்கு இது 14 டாலருக்குச் சற்று மேலாகும், ஈ வகை 225/75ஆர்16 டயருக்கு இவ்வரி இல்லை. மாநிலங்களும் தம் பங்குக்கு வசூலிக்கின்றன. கலிபோர்னியாவில் புதிய டயர் ஒன்றுக்கு 1.75 டாலர். மாட்டும் கூலி, பேலன்சிங், பழைய டயரைக் கழித்துக்கட்டும் கட்டணம் ஆகியவை இவற்றின்மேல் ஏறும். எனவே கடைகளை ஒப்பிடும்போது, அனைத்தும் சேர்ந்து வண்டி வெளியே வரும்போது எவ்வளவு என்று கேட்பதே முறை. 1963இல் மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லி என்னும் ஊரில் முழுச் சூரிய கிரகணம் காண வண்டிகளோடு கூடிய குடும்பங்களால் தொடங்கப்பட்ட எஃப்எம்சிஏ என்னும் மோட்டார் ஹோம் உரிமையாளர் சங்கம், தன் உறுப்பினர்களுக்கு டயர்களைச் சலுகை விலையில் பெற்றுத் தருகிறது. ஆறு டயர் வாங்குபவருக்குச் சந்தாவை ஈடுகட்டவும் அது உதவும்.

பில்லில் மிகச் சிறிய தொகையாக இருக்கும் பொருள் ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. கார்ச் சக்கரங்களில் காற்று ஏற்றுவதற்குப் பொருத்தப்படும் சாதாரண ரப்பர் மவுத்பீஸ் 65 பவுண்டு அழுத்தம் வரைதான் தாங்கும். 80 பவுண்டு ஏற்றும் சக்கரத்துக்கு, நட்டு போட்டு இறுக்கும் உலோக மவுத்பீஸ் வேண்டும் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னர் தண்ணீர்த் தொட்டி, எரிபொருள், பாத்திரம், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் எடை போடும் மேடைக்குப் போய், முன்னச்சின் எடையையும் பின்சக்கரங்களின் எடையையும் தனித்தனியே அறிந்து, டயர் நிறுவனத்தின் அட்டவணையில் அந்த எடைக்கு நேராக உள்ள அழுத்தத்தைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காற்றை நிரப்ப வேண்டும்.