முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு காலை முழுசா நீட்ட முடியலையா? காரணம் இதுதான்!

முட்டி மாற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. எக்ஸ்ரேயும் சரியாக இருக்கிறது. ஆனா, படுத்தபடி காலைத் தூக்கினால் முட்டி லேசாக மடங்கியே நிற்கிறது. பிசியோதெரபிஸ்ட் கையால் நீட்டினால் நேராகிறது. கையை எடுத்ததும் பழையபடி மடங்குகிறது. இதற்கு மருத்துவத்தில் 'எக்ஸ்டென்சர் லேக்' என்று பெயர்.

ஏன் இப்படி ஆகிறது?

முட்டியை நீட்டுவது தொடையின் முன்பக்கத்தில் இருக்கும் குவாட்ரிசெப்ஸ் தசை. ஆபரேஷனுக்குப் பிறகு முட்டியில் வீக்கமும் வலியும் இருந்தால், அந்தத் தசைக்குப் போகும் நரம்பு சிக்னல் குறைந்துவிடும். பல வருட மூட்டுத் தேய்மானத்தால் தசை ஏற்கெனவே மெலிந்திருந்தால் சிக்கல் இன்னும் அதிகம்.

லேக் வேறு, இறுக்கம் வேறு

அடுத்தவர் நீட்டினால் கால் நேராகிறதா? அப்போ பிரச்னை பெரும்பாலும் தசையில். அதற்கு பலம் ஏற்ற வேண்டும். யார் நீட்டினாலும் நேராகவில்லையா? அது மூட்டு இறுக்கம்; அதற்கான சிகிச்சையே வேறு. சிலருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கும்.

பலர் செய்யும் தப்பு

வலி குறையுதேன்னு முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது. இதனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடலாம். டவலைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில் வைப்பதே நல்லது.

என்ன பயிற்சி?

காலை நீட்டிப் படுத்து, தொடைத் தசையை இறுக்கி முட்டியை மெத்தையில் அழுத்துங்க. 5 விநாடி பிடித்துவிட்டு விடுங்க. பார்க்க சின்ன பயிற்சிதான், ஆனால் தூங்கும் தசையை எழுப்புவது இதுதான். முட்டிச் சில்லு எலும்பு முறிவு, தசைநாண் தையல் போன்ற ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டர் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

அலட்சியம் வேண்டாம்

தசைக்குப் பலம் இல்லாவிட்டால் படி இறங்கும்போது முட்டி திடீரென மடங்கி, கீழே விழ வாய்ப்புண்டு. நேற்று வரை நீட்ட முடிந்த கால், தடுக்கி விழுந்த பிறகோ 'டக்'கென்ற சத்தத்துக்குப் பிறகோ சுத்தமாகத் தூக்க வரவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க.

அடுத்த செக்கப்பில் "கால் வலிக்குது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "மத்தவங்க நீட்டினா நேராகுது, நானா நீட்டினா வரல"ன்னு சொல்லுங்க. டாக்டருக்கு அந்த ஒரு வரி ரொம்ப உதவும்.