இறக்கத்தில் தெரியும் வண்டியின் தரம்

மலைக்கு வண்டி வாங்கப் போகிறவர்கள் கம்பத்தில் உள்ள என் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது இன்ஜின் பவரைத்தான். "அண்ணே, ஏத்தத்துல எது நல்லா இழுக்கும்?" என்பார்கள். "ஏத்தத்தை விடுங்க தம்பி, இறக்கத்துல எது நிக்கும்னு கேளுங்க" என்பதுதான் பல வருடமாக நான் சொல்லும் பதில். இன்று ஷோரூமில் நிற்கும் எந்த டீசல் வண்டியும் கம்பம்மெட்டுச் சாலையில் ஏறிவிடும். ஏலத்தோட்டத்துக்குள் உர மூட்டைகளோடு ஈர மண்ணில் இறங்கும்போதும், சாயங்காலம் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பும்போதும்தான் வண்டி தேறுமா என்பது தெரியும்.

எங்கள் பள்ளத்தாக்கின் பிழைப்பு மேற்கே உள்ள மலையோடு கட்டப்பட்டது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும், கூடலூரிலிருந்து லோயர்கேம்ப், குமுளி வழியாக வண்டிப்பெரியாறுக்கும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடியிலிருந்து போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் மூவாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். அங்கே விளையும் ஏலக்காய் வண்டன்மேடு அருகே உள்ள புற்றடிக்கும் போடிக்கும் ஏலத்துக்கு வருகிறது. தார்ச்சாலை வரைக்கும் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியதும் ஒரு வண்டி அகலத்தில் கல்லும் சேறுமான பாதை வரும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வேலையை இத்தனை காலம் செய்தது மஹிந்திரா ஜீப். 1945-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை 1940-களின் கடைசியில் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. அதன் வழியில் வந்த 540, மேஜர், கமாண்டர் இவைதான் எங்கள் மலைப்பாதைகளைப் பழக்கியவை. கொளுக்குமலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டம். வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக முடியும். அந்தப் பாதையில் ஜீப் நிற்காமல் போவதற்குக் காரணம் பெரிய இன்ஜின் கிடையாது. காரணம் லோ கியர்.

லோ கியர் என்ன செய்கிறது?

ஃபோர் வீல் வண்டியில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கும். இன்ஜின் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலை லோ ரேஞ்ச். அதைப் போட்டால் ஒவ்வொரு கியரும் இன்னும் குறைந்த வேகக் கியராகிவிடும். மஹிந்திராவின் தார் வண்டியில் இந்த விகிதம் சுமார் இரண்டரை மடங்கு, மாருதி ஜிம்னியில் இரண்டு மடங்கு. சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அத்தனை மடங்கு கூடும், வேகம் அத்தனை மடங்கு குறையும்.

செங்குத்தான இறக்கத்தில் லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டு, கிளட்ச், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் தானாக இறங்கும். சக்கரத்தை இன்ஜின் பிடித்துவைத்திருக்கும். பிரேக் சும்மா இருப்பதால் சூடேறாது. லோ கியர் இல்லாத வண்டியில் அதே இறக்கத்தை முழுக்கப் பிரேக்கை நம்பி இறங்க வேண்டும். பிரேக் லைனிங் தொடர்ந்து உரசிச் சூடானால் பிடி குறையும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும் என்பதை என்னிடம் வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்கிறேன். தண்ணீரை மட்டும் ஊற்றிவிடக் கூடாது, டிரம் வெடிப்பு விடும்.

ஆகவே 'ஃபோர் வீல்' என்ற ஸ்டிக்கரை நம்பி வாங்காதீர்கள். லோ ரேஞ்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஆல் வீல் டிரைவ்' என்று விற்கும் பல கார்களில் அது இருக்காது. மழைச் சாலையில் வழுக்காமல் போக அவை நல்லவை, தோட்டப் பாதைக்குப் போதாது.

ஃபோர் வீலைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றும். இந்த வகை வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

சுமைக் கணக்கு

வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், ஆர்.சி.யைப் பாருங்கள். மொத்த எடை என்று ஓர் எண்ணும், வெற்று எடை என்று ஓர் எண்ணும் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. அதில் ஆட்களின் எடையும் சேர்த்தி.

ஒரு சாதாரண நடையைப் பார்ப்போம். 50 கிலோ உர மூட்டை பன்னிரண்டு என்றால் 600 கிலோ. நான்கு பேர் ஏறினால் சுமார் 260 கிலோ. மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், ஹோஸ், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் சேர்த்து 900 கிலோவை நெருங்கிவிடும். இதை ஒரு டன் அளவில் சுமக்கக் கட்டிய பொலேரோ கேம்பர் போன்ற வண்டி தாங்கும். தார், ஜிம்னி தாங்காது. அவை ஆள் போய்வரச் செய்தவை. ஐந்து பேர் உட்காரும் சொகுசு பிக்கப்புகளும் பார்க்கப் பெரிதாக இருக்குமே தவிர, நம் நாட்டில் அவற்றுக்குச் சட்டப்படி அனுமதித்த சுமை கேம்பரைவிடக் குறைவு.

ஆட்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சரக்கு வண்டியின் பின்னால் வேலையாட்களை ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சிக்கலாகும். கூலிக்குப் போகும் பெண்கள்தான் பெரும்பாலும் பின்னால் உட்காருகிறார்கள். இரண்டு நடை அடிக்க வேண்டியதை ஒரே நடையில் முடிக்கிற மிச்சம் அவர்கள் உயிரை வைத்து வருகிற மிச்சம். 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு வண்டிக்காரரும் அதை மறக்காமல் இருக்க வேண்டும்.

டிரெய்லர் மாட்டுவதென்றால்

சமீப காலமாக இளைஞர்கள் பிக்கப்பின் பின்னால் தண்ணீர் டேங்க் டிரெய்லர் மாட்டி இழுக்கலாமா என்று கேட்கிறார்கள். இழுப்பது எளிது, நிறுத்துவதுதான் பாடு. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். இறக்கத்தில் அந்த ஒரு டன் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும். வளைவில் பிரேக் அடித்தால் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி வண்டியையே திருப்பிவிடும். டேங்க் பாதி நிறைந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம், தண்ணீர் முன்னும் பின்னும் அலையடிக்கும். நிரப்பினால் முழுதாக நிரப்ப வேண்டும், இல்லையென்றால் காலியாகக் கொண்டுபோக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் டொயோட்டா ஹைலக்ஸ் மூன்றரை டன் வரை இழுக்கும் என்று வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது டிரெய்லருக்கே தனி பிரேக் இருந்தால் உள்ள கணக்கு. 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் என்பது அந்த ஊர்ச் சட்டம். நம் ஊரில் வெல்டிங் கடையில் அடித்துத் தரும் டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே இருப்பதில்லை. கொக்கியில் விழும் பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காக இருக்கும்படி சுமையைக் கொஞ்சம் முன்தள்ளி வைக்க வேண்டும். சுமை பின்னால் கூடினால் டிரெய்லர் பாம்பாக நெளியும். மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் தனிப் பதிவு வேண்டும்.

கீழே திராட்சைத் தோட்டத்துக்கும் தென்னந்தோப்புக்கும் தண்ணீர் கொண்டுபோக டிராக்டர் போதும், அதுவே சரியும்கூட. அதற்காக முப்பது லட்ச ரூபாய் பிக்கப் வாங்காதீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எந்த வண்டி யாருக்கு?

தோட்டத்தில் தினசரி உரமும் ஆட்களும் ஏற்ற வேண்டியவருக்கு ஃபோர் வீல் கேம்பர் பொருந்தும். கேட்டு வாங்க வேண்டும். சாலையில் நீங்கள் பார்க்கும் கேம்பர்களில் பெரும்பாலானவை டூ வீல். பின்னால் பட்டை ஸ்பிரிங், எளிய இன்ஜின், எங்கள் ஊரிலேயே வேலை தெரிந்த கைகள். ஸ்பேர் இங்கே இல்லையென்றால் மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்துவிடும்.

டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் இங்கே வந்தது. 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைசக்தி, பின் ஆக்சிலுக்கு டிஃபரென்ஷியல் லாக். இசுசு வி-கிராஸ் 2016 முதல் கிடைக்கிறது, ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. இரண்டும் தரமான வண்டிகள். ஆனால் இரண்டும் ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம். ஜீப்புக்கு வெட்டிய தோட்டப் பாதையின் வளைவில் இவை ஒரே மடக்கில் திரும்பாது. பின்னால் எடுத்து எடுத்துத் திருப்ப வேண்டும், ஒரு பக்கம் பள்ளம். பெரிய எஸ்டேட்டுக்கு, அகலமான பாதைக்கு இவற்றை வாங்கலாம்.

மேற்பார்வைக்குப் போய்வர மட்டும் என்றால் தார் அல்லது ஜிம்னி. இரண்டும் நான்கு மீட்டருக்குள். ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோதான் என்பதால் சேற்றில் புதையாமல் ஓடிவிடும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் லாக் உண்டு. அதன் பயன் இதுதான்: பாறைப் பாதையில் ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரமும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், லாக் இல்லாத ஃபோர் வீல் வண்டியில் அந்த இரண்டும் சும்மா சுழலும், வண்டி நகராது. லாக் போட்டால் தரையில் உள்ள சக்கரம் இழுக்கும்.

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் பட்டறைக்குப் போகாமலே ஒரு சோதனை செய்யலாம். சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டூ வீலில் இருக்கும்போது அந்தச் சக்கரம் கையால் சுற்றும். ஃபோர் வீல் லீவரைப் போட்டு, ஹப் லாக் இருந்தால் அதையும் பூட்டி, மறுபடி சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி நின்றுவிட வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. ஃபோர் வீல் என்று சொல்லி உங்களிடம் டூ வீல் விற்கிறார்கள். அடுத்து, லோ கியரில் ஓர் இறக்கத்தில் விட்டுப் பாருங்கள். லீவர் தானாகக் கழன்று குதித்தால் அந்த வண்டி வேண்டாம். பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேஸிஸில் வெடிப்பு, வெல்டிங் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

விளையாட்டுக்காக ஃபோர் வீல் வாங்கும் தம்பிகளுக்கும் ஒன்று. நம் மலைகள் காலி மைதானம் கிடையாது. மேகமலைக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் காட்டுக்குள் டயர் இறக்குவது குற்றம். அந்தத் தடத்தில் மழை இறங்கி மண்ணை அறுத்துக்கொண்டு போகும்.

முடிவெடுக்கும் முன் உங்கள் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள். குறுகிய வளைவின் அகலத்தை டேப் வைத்து அளந்து, ஏற்றப்போகும் சுமையைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே சுமையோடு, அதே இறக்கத்தில், மழை பெய்த மறுநாள் வண்டியை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் காட்டத் தயங்குகிறவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.