மீண்டு வந்தவர் மீண்டும் வீழாதிருக்க...

கஞ்சாப் பழக்கத்தைக் கைவிட்டு வீடு திரும்பிய இளைஞர் ஒருவர் சில வாரங்களில் மீண்டும் அதனை நாடினால், "இவன் திருந்தவே மாட்டான்" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இத்துயரை நன்கறியும். ஆயினும் இத்தீர்ப்பு சரியானதா என்பதை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்ற இரசாயனம் மூளையில் டோபமைன் சுரப்பைத் தூண்டுகிறது. அவ்வேளையில் சூழவுள்ள இடம், நண்பர், மணம் யாவும் அந்த இன்பத்தோடு பிணைந்து மனதில் பதிகின்றன. பழக்கத்தை நிறுத்தியதும் தோன்றும் எரிச்சலும் நித்திரையின்மையும் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். பதிந்த நினைவோ எளிதில் அழிவதில்லை. பழைய நண்பர்கள் கூடும் வாவிக்கரையை மாலையில் கடந்து செல்வதே வேட்கையைக் கிளறப் போதுமானது.

மன அழுத்தம் இத்தீயில் எண்ணெய் வார்க்கிறது. அழுத்தம் மிகும்போது, தன்னைக் கட்டுப்படுத்தும் மூளையின் ஆற்றல் தளர்கிறது. நீண்ட போரையும் 2004 சுனாமியையும் 2022 பொருளாதார நெருக்கடியையும் கண்ட இம்மாவட்டத்தில் கடனுக்கும் தொழிலின்மைக்கும் குறைவில்லை.

சூழலின் வலிமைக்கு வரலாற்றிலும் சான்றுண்டு. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினருள் பெரும்பாலானோர், 1970களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பிய பின்னர் மீண்டும் அதற்கு அடிமையாகவில்லை. பழக்கம் வேரூன்றிய சூழல் அங்கு இல்லாதமை அதற்கொரு முக்கிய காரணமாகக் கருதப்பட்டது.

எமது நிலையோ இதற்கு நேர்மாறானது. போதைப்பொருளுக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காட்டில் புனர்வாழ்வு நிலையமும் உண்டு. ஆனால் ஊரைவிட்டுத் தொலைவில் சிகிச்சை பெற்றவர், அதே ஒழுங்கைக்கும் அதே கடனுக்குமே திரும்புகிறார். உண்மையான சோதனை அன்றுதான் ஆரம்பமாகிறது.

கஞ்சா அடிமைத்தனத்துக்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. வேட்கையைத் தூண்டுபவை எவை என இனங்காணவும், அது எழும்போது தணியும்வரை பொறுத்திருக்கவும் பழக்கும் உளவளத்துணையே பயன் தருகிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

எனினும், ஊர் திரும்பியவருக்கு வேலையும் புதிய நட்பும் தருவது ஊரின் கடமையே. ஆலயங்களும் பள்ளிவாசல்களும் விளையாட்டுக் கழகங்களும் இதில் கைகோர்க்க வேண்டும். ஒருமுறை சறுக்கியவரை ஏசி விரட்டுவது அவரைப் பழைய கூட்டத்திடமே சேர்த்துவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.