சாத்தால் ஏரிக்கரையில் இரண்டு இரவு

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும் நம்மவர்களிடையே மே மாதமானால் ஒரே பேச்சு, லீவு. ஊருக்கென்றால் போக வர ரயிலிலேயே மூன்று நாள் போய்விடுகிறதே! அவ்வளவு லீவு கிடைக்காதவர்கள் பழைய டெல்லியில் இரவு ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறலாம், விடிந்தால் காத்கோடாம். அங்கிருந்து பீம்தால் வழியாக மலைப்பாதையில் போனால், ஓக், பைன் காட்டுக்குள் சாத்தால். ஏழு ஏரி என்று பொருள். 1930-ல் ஸ்டான்லி ஜோன்ஸ் பாதிரியார் தொடங்கிய ஆசிரமத்தின் எளிய குடில்களும், குமாவுன் மண்டல் விகாஸ் நிகமின் விடுதியும் அங்கே உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நலம். சாப்பாடு வடக்கத்தி தினுசுதான். புளிக்காய்ச்சலுக்கு வேண்டியதை மார்க்கெட்டிலேயே வாங்கி, வீட்டில் காய்ச்சி எடுத்துப் போங்கள். டெல்லிக் குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளைகள் கும்மிருட்டைக் கண்டதில்லை. பயந்து அழுதால் உடனே விளக்கைப் போட்டுவிடாதீர்கள். சற்றுப் பொறுத்தால் நட்சத்திரம் தெரியும்.