தெருவை உள்ளே அழைத்த பள்ளி: அருட்சகோதரி சிரில் மூனியின் கல்விப் பணி

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரும் அதைச் சூழ்ந்த கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகளும், மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 1970களில் இங்கே தொழிற்பேட்டை அமைத்ததிலிருந்து, டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற ஆலைகளாலும் அவற்றைச் சார்ந்த சிறு தொழிற்கூடங்களாலும் பெரிதும் உருமாறியுள்ளன. ஆலைகளுக்கும் கட்டடப் பணிகளுக்கும் கல்குவாரிகளுக்கும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வேலை தேடி வருவோருள் பிள்ளைகுட்டிகளோடு வருவோரும் உண்டு. அந்தப் பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவில் வந்து சேர்கிறார்கள். வகுப்பில் பேசப்படும் மொழி புரியாமல் பின்தங்குகிறார்கள். பெற்றோரின் வேலை முடிந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறார்கள். இத்தகைய பிள்ளைகளுக்கு வசதியுள்ள ஒரு பள்ளி என்ன செய்ய இயலும் என்ற கேள்விக்கு, கொல்கத்தாவில் 1979 முதல் 2011 வரை ஒரு பெண்கள் பள்ளியின் முதல்வராக இருந்த கத்தோலிக்கத் துறவி சிரில் மூனி செயலால் விடை தந்தார். 2023 ஜூன் மாதத்தில் மறைந்த அவரை நினைவுகூர்வதற்கு ஓசூர் போன்ற தொழில் நகரங்களுக்குத் தனிக் காரணம் இருக்கிறது.

அயர்லாந்தில் 1936இல் பிறந்த அவர், லொரேட்டோ சபையின் துறவியாக 1956இல் இந்தியா வந்தார். மேரி வார்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி, பெண்களின் கல்விக்காக 1609இல் தொடங்கிய துறவற இயக்கத்தின் அயர்லாந்துக் கிளையே லொரேட்டோ சபையாகும். அச்சபையின் கன்னியர் 1841ஆம் ஆண்டின் இறுதியில் கொல்கத்தா வந்து, அடுத்த ஆண்டு முதல் பள்ளிகளைத் தொடங்கினர். காலப்போக்கில் அப்பள்ளிகள் வசதி படைத்த குடும்பங்களின் பெண்கள் ஆங்கிலவழியில் பயிலும் இடங்களாகப் பெயர் பெற்றன. லக்னோ பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த சிரில் மூனி, 1979இல் பொறுப்பேற்ற சியால்டா பள்ளியும் 1857இல் நிறுவப்பட்ட அத்தகைய பள்ளியே. ஆனால் அதன் மதிலுக்கு வெளியே, நாட்டின் மிக நெரிசலான ரயில் நிலையங்களுள் ஒன்றான சியால்டாவின் நடைமேடைகளிலும் நடைபாதைகளிலும், குப்பை பொறுக்கியும் பிச்சை எடுத்தும் வாழ்ந்த சிறுவர் சிறுமியர் ஏராளமாக இருந்தனர்.

அன்னை தெரசாவும் முதலில் இதே சபையைச் சேர்ந்திருந்தவர் என்பதும், சியால்டாவுக்கு அருகிலுள்ள எண்டாலியில் லொரேட்டோ சபையின் புனித மரியா பள்ளிக்கு 1944 முதல் தலைமையாசிரியையாக இருந்தவர் என்பதும் இங்கே எண்ணத்தக்கவை. அவர் ஏழைகளுக்காக 1948இல் பள்ளியை விட்டுத் தெருவுக்குச் சென்றார். சிரில் மூனியோ பள்ளியிலேயே இருந்துகொண்டு தெருவை உள்ளே அழைத்தார். முதலாவது வழிக்கு உலகம் நன்கு அறிந்த துணிவு தேவைப்பட்டது. இரண்டாவது வழிக்கு, கட்டணம் செலுத்தும் பெற்றோரையும் பழகிய முறைகளில் ஊறிய ஆசிரியர்களையும் ஆண்டுக்கணக்கில் இணங்கவைக்கும் பொறுமை தேவைப்பட்டது. இதன் அருமை இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

அவர் முதலில் மாற்றியது சேர்க்கை முறையை. கட்டணம் செலுத்த இயலாத மாணவியரின் எண்ணிக்கையைப் படிப்படியாக உயர்த்தியதால், 1990களின் இறுதியில் அங்கே பயின்ற ஏறத்தாழ 1,400 பேரில் பாதிப்பேர் இலவசமாகவோ சலுகையிலோ படித்தனர். வசதியுள்ள பாதி, வசதியற்ற பாதியின் செலவைத் தாங்க உதவியது; இரு பாதியினரும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்தனர்.

1985இல் தொடங்கிய ‘ரெயின்போ’, அதாவது வானவில் என்னும் திட்டம், இதனினும் ஒரு படி மேலே சென்றது. வயதுக்கேற்ற வகுப்பில் நேரடியாகச் சேர இயலாத தெருவோரச் சிறார், தமக்கு இயன்ற நேரத்தில் பள்ளிக்குள் வரலாம் என்று கதவு திறந்துவிடப்பட்டது. ஐந்தாம் வகுப்பு முதல் உள்ள மாணவியர், பாடத்திட்டத்தில் வேலைக்கல்விக்கென ஒதுக்கப்பட்டிருந்த பாடவேளைகளில், ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் அவர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத் தந்தனர். ஓரளவு தேறியதும் அப்பிள்ளைகள் முறையான பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். இரவில் பாதுகாப்பான இடம் இல்லாத சிறுமியருக்குப் பள்ளிக் கட்டடமே தங்குமிடமாயிற்று. மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறையும் மொட்டைமாடியும் சமுதாயத்தின் சொத்து என்பது அவருடைய உறுதியான கருத்து. வாரந்தோறும் வியாழக்கிழமை மாணவியர் குழுவாகக் கிராமப் பள்ளிகளுக்குச் சென்று கற்பித்ததும், பட்டம் பெறாத கிராமத்து, சேரிப்பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து அவரவர் ஊருக்கே ஆசிரியர்களாக அனுப்பியதும், செங்கல் சூளைகளிலேயே வகுப்புகள் நடத்தியதும் இதே சிந்தனையின் தொடர்ச்சியாகும்.

இவ்வாறு செய்தால் பள்ளியின் தரம் தாழும் என்ற அச்சம் எங்கும் எழக்கூடியதே. அந்த அச்சம் பொருளற்றது என்பதற்குக் காரணம் கற்பித்தலின் இயல்பிலேயே இருக்கிறது: தான் கற்ற பின்னக் கணக்கை இன்னொரு குழந்தைக்கு விளக்க முயலும் மாணவி, அதில் தனக்கே தெளிவில்லாத இடத்தைக் கண்டுகொள்கிறாள். அதோடு, தன் வயதுடைய ஒருத்திக்குப் புத்தகம் கிடைக்காதது அவளுடைய குற்றமன்று என்பதையும் உணர்கிறாள். இப்பணிக்கு அங்கீகாரமாக, யுனெஸ்கோவின் நோமா எழுத்தறிவுப் பரிசு 1994இலும், பத்மஸ்ரீ விருது 2007இலும் சிரில் மூனிக்கு வழங்கப்பட்டன.

தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்டம் 2009இல்தான் இயற்றப்பட்டது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. சட்டம் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, எவரும் கட்டாயப்படுத்தாத நிலையில், ஒரு சிறுபான்மைப் பள்ளி அதைப்போல் இருமடங்கு இடத்தை அளித்தது என்பது சிரில் மூனியின் பணிக்கு வரலாறு தரும் நற்சான்றாகும்.

ஓசூர் வட்டாரத்திற்கு இம்முறை எளிதில் பொருந்தும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்கும் இம்மண்ணில், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பழகும் பிள்ளைகள் ஏராளம். புதிதாக வந்த ஒடியாச் சிறுமியின் தடுமாற்றத்தை அவர்களைப் போலப் புரிந்துகொள்ளக் கூடியவர் வேறு யார்? அவர்களே அவளுக்குத் தமிழ் எழுத்தறிவிக்கும் முதல் ஆசிரியர்களாகலாம். வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களில் ஓரளவு படித்த பெண்கள், பயிற்சி பெற்றால், பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே நல்ல இணைப்பாக விளங்குவர். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபை ஆட்சிப் பகுதியின், பள்ளிகளும், பிற சமயத்தார் நடத்தும் பள்ளிகளும், சமூகப் பொறுப்பு நிதி ஒதுக்கும் ஆலைகளும் ஒன்றுகூடினால் வாரத்தில் இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்குவது கடினமன்று. சிரில் மூனிக்குச் சிலை வேண்டாம், விழாவும் வேண்டாம். இந்தக் கல்வியாண்டிலேயே ஓசூரில் ஒரு பள்ளியேனும் தன் வாசலை அந்தப் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும்.