பாவாடைக் கயிற்றடியில் இருந்த விடை

உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்த வளலாய்க் காணி 2015இல் திரும்பக் கிடைத்தபோது சின்னம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. கால் நூற்றாண்டு ஆளில்லாமல் கிடந்த நிலம் அது. கிணற்றுக்கட்டே தெரியாத அளவுக்கு நாயுண்ணிப் பற்றை மூடியிருந்தது. அச்சுவேலி வாடகை வீட்டிலிருந்து கத்தியும் மண்வெட்டியுமாக விடியப் போனால் மதியம்தான் திரும்புவார். அந்த வருட மாரி முடிகிற தறுவாயில் அவருக்குக் காய்ச்சல் பிடித்தது.

முதல் மூன்று நாள் பனடோலும் மல்லிக் குடிநீரும். நாலாம் நாள் தனியார் டொக்டர் ஒருவரிடம் போனார். டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. அமொக்சிசிலின் எழுதிக் கொடுத்தார்கள். குளிசை முடிந்தும் காய்ச்சல் விடவில்லை. பிறகு இன்னொரு டொக்டர், இன்னொரு மருந்து, நெஞ்சுப் படம், ஸ்கான். பத்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே ஒரு இளம் பெண் டொக்டர் திரைச்சீலையை இழுத்து மறைத்துவிட்டு, "அம்மா, பாவாடைக் கயித்தைக் கொஞ்சம் தளத்துங்கோ" என்றார்.

இடுப்பு மடிப்பில் சுருட்டு நெருப்புப் பட்டதுபோல, நடு கறுத்து ஓரம் சிவந்த சிறு காயம் ஒன்று. நோவும் இல்லை, கடியும் இல்லை.

"கயிறு இறுக்கின புண் எண்டு நினைச்சன் பிள்ளை. உதையெல்லாம் ஆருக்குக் காட்டுறது?" என்றார் சின்னம்மா.

உண்ணிக் காய்ச்சல். டொக்சிசைக்கிளின் தொடங்கி இரண்டாம் நாளே உடம்பு குளிர்ந்தது.

பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. உண்ணி என்றதும் நாயிலும் மாட்டிலும் ஒட்டியிருப்பதைத் தேடுகிறோம். இந்த நோயைக் கொடுப்பது புல்லிலும் பற்றையிலும் இருக்கும் ஒரு சிற்றுயிரின் குஞ்சு. குண்டூசித் தலையைவிடச் சிறியது. எலியில் ஊறிக் குடிக்க வேண்டியது, வழியில் அகப்பட்ட மனிதனைக் கடித்துவிடுகிறது. கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வரும். அதற்குள் பற்றை வெட்டியதே மறந்துபோகும். கிருமி நம் உடம்பின் கலங்களுக்குள்ளேயே குடியிருப்பது; அதனால்தான் பெனிசிலின் வகை மருந்து எதற்கும் அது அசைவதில்லை.

இலங்கைக்கு இது புதிய நோயும் அல்ல. 1944இல் தெற்கே எம்பிலிப்பிட்டியவில் பயிற்சிக்கு இருந்த படையினர் 700 பேருக்கு மேல் இதில் விழுந்தார்கள். மலைநாட்டில் இதன் ஒன்றுவிட்ட சகோதரமான புள்ளிக் காய்ச்சல் கூட; குடாநாட்டில் இதுதான் கூட. மாரி தொடங்கி மாசி வரை வரும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருவதும் அதே மாதங்களில்தான். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் பெயர் தெரியாத காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக இறந்தபோது ஊர் நடுங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எலிக்காய்ச்சல் என்று கொழும்புப் பரிசோதனையில்தான் உறுதியானது.

உண்ணிக் காய்ச்சலுக்கும் நம்பத்தக்க இரத்தப் பரிசோதனை ஊரில் சுலபமாகக் கிடைப்பதல்ல. 1916இல் கண்டுபிடித்த பழைய முறை பலரைத் தவறவிடும். நல்ல முறைக்கு விசேட நுணுக்குக்காட்டியும், நாள் இடைவிட்டு எடுத்த இரண்டு இரத்த மாதிரிகளும் வேண்டும். முடிவு வரும்போது நோயாளி சுகமாகியிருப்பார், அல்லது இல்லாமல் போயிருப்பார். ஆனால் அந்தக் கறுத்த காயம் முதல் நாளிலிருந்தே உடம்பில் இருக்கிறது. அக்குள், மார்பின் கீழ், இடுப்பு, தொடைக் கவடு: நம் பெண்கள் யாருக்கும் காட்டாத இடங்கள். எல்லோருக்கும் காயம் இருப்பதில்லை, வரிசையில் நூறு பேர் நிற்கும்போது உடுப்புக் களைந்து பார்க்க நேரமில்லை என்று மருத்துவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. என்றாலும், பலகைத் தட்டிக்கு அப்பால் நாலு பேர் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கும் அறையில் எந்தத் தாய் தன் இடுப்புப் புண்ணைப் பற்றி வாய் திறப்பாள்? என் நெஞ்சை அரிப்பது இதுதான்.

காய்ச்சல் விட்ட பிறகும் சின்னம்மாவுக்கு ஆறு மாதம் கால் உளைவும் களைப்பும். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மகள் தொலைபேசியில், "அம்மா, இது லைமா இருக்குமோ?" என்று கேட்டாள். அவளுடைய பயம் சும்மா வந்ததல்ல. அவள் பிள்ளைகளோடு நடக்கப் போகும் ரூஜ் பள்ளத்தாக்கில் லைம் கிருமியுள்ள உண்ணிகள் இருக்கின்றன. 1975இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில், லைம் என்ற ஊரில், பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குவதை விடாமல் கேட்டுக் கேட்டே தாய்மார் அந்த நோயை வெளியில் கொண்டுவந்தார்கள். அதற்கும் தோலில் அடையாளம் உண்டு: கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவந்த வளையம். அந்த நேரம் பிடித்தால் இரண்டு மூன்று கிழமை மருந்தோடு பெரும்பாலும் தீரும். வளையம் மறைந்த பிறகு தொடங்குவதுதான் அலைச்சல். களைப்பும் நோவும் வருடக்கணக்கில் இழுக்க, 'நாட்பட்ட லைம்' என்ற பெயரோடு பலர் டொக்டர் மாறி டொக்டராகத் திரிகிறார்கள். அப்படி ஒரு நோய் உண்டா என்பதிலேயே அங்கு சண்டை. மாதக்கணக்கில் அன்டிபயோடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களைவிட அவர்கள் கூடுதலாக நிலைத்த சுகம் காணவில்லை. அவர்களுடைய நோவு பொய் என்று நான் சொல்லமாட்டேன். தோலில் எழுதியிருந்த நேரத்தில் ஒருவரும் வாசிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

மாரி மறுபடி வரும். பற்றை வெட்டப் போகிறவர்கள் காலையும் கையையும் மூடிக்கொண்டு போங்கள். வந்ததும் உடுப்பை மாற்றி, தேய்த்துக் குளியுங்கள். காய்ச்சல் வந்தால் காணிக்குப் போனதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன், வீட்டில் ஒரு பெண்ணைக்கொண்டு அம்மாவின் உடம்பை ஒருதரம் பார்ப்பியுங்கள்.