பச்சைப் புள்ளி சொன்னதும் சொல்லாததும்

எண்ணூரிலிருந்து தம் தந்தையாரைச் சிகிச்சைக்கு அழைத்து வந்திருந்த பெண்மணி ஒருவர், புறநோயாளர் பிரிவின் வாயிலில் எங்களிடம் கைப்பேசியை நீட்டினார். திரையில் சென்னையின் வரைபடம். அதன்மேல் ஒரு பச்சைப் புள்ளி. "காற்று நன்றாக இருப்பதாக இது காட்டுகிறது. அப்பாவுக்கோ இரவெல்லாம் மூச்சுத் திணறல். எதை நம்புவது?" என்று கேட்டார். புள்ளியைத் தொட்டுப் பார்த்தோம். அது மணலியில் உள்ள அளவீட்டு நிலையத்தைக் குறித்தது. அவர் வீடு இருப்பதோ கடலோரத்தில். இடையில் பக்கிங்காம் கால்வாயும், பல கிலோமீட்டர் தொலைவும், புகைபோக்கிகளும் இருந்தன. புள்ளி பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்தைப் பற்றி மட்டும் சொன்னது.

இத்தகைய வரைபடங்களை நோயாளிகளும் உடனிருப்போரும் நாள்தோறும் திறந்து பார்க்கின்றனர் என்பதால், அவை எவ்வாறு அமைகின்றன என்பதை இங்கே எழுத எண்ணினோம்.

உடற்கூற்று நூல்கள் சிலவற்றில் கண்ணாடித் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கும். முதல் தாளில் எலும்புக்கூடு, அடுத்ததில் இரத்தக் குழாய்கள், அதற்கும் மேலே தசைகள். இணைய வரைபடமும் அவ்வாறே அடுக்குகளால் ஆனது. அடியில் தெருக்களும் இரயில் பாதைகளும் கடலும் கொண்ட அடிப்படைப் படம். அதன்மேல் மருத்துவமனைகள், வெள்ளம் தேங்கிய தெருக்கள், காற்றின் தரம் என ஒவ்வொன்றும் தனி அடுக்கு. வேண்டியதை ஏற்றலாம், வேண்டாததை மறைக்கலாம். உலகம் முழுவதும் முதலில் ஒரே சதுரத் துண்டாக வரும். ஒரு படி நெருங்கினால் அது 4 துண்டுகளாகும், மற்றொரு படிக்கு 16 ஆகும். நாம் பார்க்கும் பகுதிக்குரிய துண்டுகளை மட்டுமே கைப்பேசி வரவழைக்கிறது. சாம்பல் நிறக் கட்டங்கள் தெரிந்தால் படம் பழுதாகிவிட்டது என்று எண்ண வேண்டா. துண்டு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவே.

அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோயின் வழியைக் கண்டவர் இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1854-இல் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்தார்; தண்ணீர்க் குழாய்களையும் அதே படத்தில் குறித்தார். இறப்புகள் பிராட் தெருக் குழாயைச் சுற்றித் திரண்டிருந்தன. காலரா கெட்ட காற்றால் வருவதாகப் பலரும் நம்பிய காலம் அது. அந்தக் குழாயின் கைப்பிடி செப்டம்பர் 8 அன்று கழற்றப்பட்டது. கொள்ளைநோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும் என்ற கருத்துக்கு அப்படம் வலுச்சேர்த்தது.

நம் நகரிலும் அப்படியொரு படம் மக்களுக்குக் கைகொடுத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அருண் கணேஷ் என்னும் வரைபடக் கலைஞர், தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த தெருப்படத்தை அடியில் வைத்து, எவரும் தம் தெருவைத் தொட்டு 'இங்கே வெள்ளம்' என்று குறிக்கும்படி ஓர் இணையப் படத்தை உருவாக்கினார். சில நாட்களிலேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாலைகள் குறிக்கப்பட்டன. கர்ப்பிணியையோ டயாலிசிஸ் நோயாளியையோ அழைத்துச் செல்ல வேண்டிய குடும்பத்துக்கு எந்த வழி அடைபட்டது என்னும் செய்தி எவ்வளவு பெரியது என்பதை உடனிருப்போர் அறிவர். எனினும், குறிக்கப்படாத தெரு வறண்ட தெரு ஆகிவிடாது. மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் அற்ற தெருவிலிருந்து எவர் குறிப்பார்? மூலக்கொத்தளத்தையும் வியாசர்பாடியையும் சுற்றி வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் நிற்குமா என்பதைப் படத்தைப் பார்க்காமலே சொல்வார்கள்.

சில வேளைகளில் ஓர் அடுக்கே காணாமற்போவதும் உண்டு. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகத்தின் பெரும்பகுதி, பின்னர் வந்த ஒரு படத்தில் இல்லை என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் 2017-இல் எடுத்துக்காட்டினர். ஆறு என்னவோ அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

மீண்டும் பச்சைப் புள்ளிக்கு வருவோம். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத்தர வரைபடத்தில் இராயபுரம், மணலி, கொடுங்கையூர் ஆகிய இடங்களின் நிலையங்கள் உள்ளன. 8 மாசுகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் எது மிக மோசமோ அதுவே அந்நிலையத்தின் குறியீட்டு எண். 50 வரை நன்று, 100 வரை ஏற்கத்தக்கது. 200-ஐக் கடந்தால் மோசம், 400-ஐக் கடந்தால் மிகக் கடுமை. நுண்துகள் முதலிய பெரும்பாலான மாசுகளுக்கு 24 மணி நேரச் சராசரியே எடுக்கப்படுகிறது. ஆகவே நள்ளிரவில் அரைமணி நேரம் வீசிய புகை, பகலில் பார்க்கும் எண்ணில் கரைந்து போகக்கூடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மக்களை எழுப்பியது எந்த வரைபடமும் அன்று, கண்ணெரிச்சலும் மூச்சடைப்புமே. அத்தகைய வேளையில் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புள்ளி பச்சையாக இருக்கிறது என்பதற்காக உறிஞ்சு மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடாது. அந்த முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு சிறு குறிப்பு. 108 ஊர்திக்கோ உறவினருக்கோ இருப்பிடத்தை எண்களாக அனுப்ப நேர்ந்தால் அகலாங்கை முதலில் எழுதுங்கள். மூலக்கொத்தளம் ஏறத்தாழ வடக்கு 13.1, கிழக்கு 80.3. இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் படம் நம்மை வட துருவத்துக்கு அருகே, ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய குளிர்கடலில் கொண்டுபோய் நிறுத்தும். படம் வரைவோரே அடிக்கடி செய்யும் பிழை இது. சில கோப்பு வடிவங்கள் நெட்டாங்கை முதலில் கேட்பதால் வரும் குழப்பம்.

அப்பெண்மணியிடம் நாங்கள் கூறியது இவ்வளவே: புள்ளியைத் தொட்டு எந்த நிலையம், எந்த நேரம் என்று பாருங்கள், அந்த எண்ணையும் அப்பாவின் நிலையையும் நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மறுமுறை அவர் வந்தபோது நோட்டில் தேதி, நிலையத்தின் எண், இரவு இருமல் என்று மூன்று பத்திகள் இருந்தன. நான்காவதாகக் காற்று வீசிய திசையையும் அவரே சேர்த்திருந்தார். மருத்துவர் முதலில் படித்தது அந்த நான்காம் பத்தியைத்தான்.